டொமினிகா தீவு: ஏற்காடு பக்கத்துலயே இருக்கறவங்க அவ்ளோ தூரம் போகணுமா?

அஸ்தம்பட்டி வாணி:

எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க சேலம் அஸ்தம்பட்டி. பொண்ணு அட்லாண்டால இருக்கா, எங்க ரெண்டு பேருக்கும் அமெரிக்க விசிட்டர் விசா இருக்கு, வர்ற பிப்ரவரில போய் மூணு மாசம் அவகூட இருக்கப் போறோம். அதுல ஒரு வாரத்த ஒதுக்கி கரீபியன் கடல்ல இருக்கற டொமினிகா தீவுக்கு போய்ட்டு வரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, அங்க மலை மேல ஒரு ஏரி உலைத்தண்ணி மாதிரி கொதிச்சுட்டே இருக்கறத டிவில பாத்ததுல இருந்து மனசு அதுலயே நிக்குது. வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டேங்கறார். மலை, அருவி, பனி, காப்பிச்செடி எல்லாம் இருவது கொண்டை ஊசி ஏறினா ஏற்காட்டுலயே இருக்கு, நம்ம மொட்டை மாடில நின்னாலே சேர்வராயன் மலை தெரியுது, இதப் பாக்க எதுக்கு கடல் தாண்டணும்கறார். எனக்கு பதில் சொல்லத் தெரியல, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லன்னு மட்டும் தோணுது.

போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க. விசா தனியா எடுக்கணுமா, எரிமலைத் தீவுன்னா பயம் இல்லையா, அந்த ஏரி வரைக்கும் எங்களால நடக்க முடியுமா? எனக்கு 54, அவருக்கு 60, முட்டி வலி வேற இருக்கு அவருக்கு. நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

வணக்கம் அக்கா. நான் ஏற்காடு நாகலூர் பக்கம், சின்னதா காப்பித் தோட்டம் இருக்கு. 2023 மார்ச்ல நானும் தம்பியும் பத்து நாள் டொமினிகால இருந்துட்டு வந்தோம், அதனால அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். பொறந்ததுல இருந்து மலைலயே கெடக்கறவன் சொல்றேன், ரெண்டும் வேற வேற.

நம்ம சேர்வராயன் மலைப் பாறை சார்னோகைட், சுமார் 250 கோடி வருஷப் பழசு. அது சூடு எல்லாம் ஆறி அடங்கி உக்காந்து எவ்ளோ காலமோ ஆச்சு, மழையும் வெயிலும் மேல கரைச்சு கரைச்சு உச்சில அலுமினியம் எடுக்கற பாக்சைட் மண்ணாக்கி வெச்சிருக்கு. டொமினிகால பூமி இன்னும் அடங்கல. அட்லாண்டிக் கடலோட அடித்தரை கரீபியன் தட்டுன்னு சொல்ற பெரிய பாறைப் பலகைக்கு அடில மெதுவா சொருகிட்டே போகுது, அந்தத் தரைல ஊறியிருக்கற தண்ணி ஆழத்துல கசிஞ்சு மேல இருக்கற பாறைய உருக வைக்குது, அந்த பாறைக்குழம்புதான் மேல வந்து வரிசையா தீவா நிக்குது. மொத்தத் தீவே 750 சதுர கிலோமீட்டர்தான், நம்ம சேலம் மாவட்டத்துல ஏழுல ஒரு பங்கு, அதுக்குள்ள உயிரோட இருக்கற எரிமலைன்னு கணக்கு வெச்சிருக்கறது மட்டும் ஒம்பது. பெரிய மலை மோர்ன் டயப்ளோட்டின் 1447 மீட்டர், ஏற்காட்ட விட கொஞ்சம் கம்மி, ஆனா கடல்ல இருந்து நேரா எந்திரிச்சு நிக்குது. நடு மலைல வருஷத்துக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யற இடம் இருக்கு. நம்ம தோட்டத்துல 1500 பெஞ்சாலே நல்ல வருஷம்னு சொல்ற எனக்கு அந்த பச்சையப் பாத்து வாயடைச்சுப் போச்சு, மரத்து மேல மரம், அது மேல பெரணி, கல்லு மேல பாசி, வெறும் மண்ணுனு ஒரு சாண் தரை கண்ணுல படல.

இப்ப அந்த ஏரி. லௌடான்னு ஒரு மலைக் கிராமத்துல இருந்து காலைல ஏழு மணிக்கு கெளம்பினோம், கைடு இல்லாம போகவே போகாதீங்க. போக வர 13 கிலோமீட்டர், படிக்கறப்ப கம்மியா தெரியும், எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆச்சு. மரக்கட்டைய குறுக்கால பதிச்ச படி, எல்லாம் சேறு, ஏத்தம் எறக்கம் ஏத்தம் எறக்கம்னு போய்ட்டே இருக்கு. ரெண்டு மணி நேரம் காட்டுக்குள்ள நடந்து ஒரு மேட்டுல ஏறினதும் கீழ ஒரு பள்ளத்தாக்கு தெரியுது, அங்க மரமே இல்ல. வேலி ஆஃப் டெசலேஷன்கறாங்க, பாழடைஞ்ச பள்ளத்தாக்குன்னு அர்த்தம். கீழ எறங்கினா கந்தக நாத்தம், அழுகின முட்டை மாதிரி. ஒரு ஓடை வெள்ளையா ஓடுது, பக்கத்துலயே இன்னொண்ணு கறுப்பா ஓடுது, தரைல அங்கங்க ஓட்டை, அதுல இருந்து புஸ்ஸுனு ஆவி. கைடு பைல இருந்து முட்டைய எடுத்து ஊத்துல போட்டார், வெந்துருச்சு. அவர் கால் வெச்ச எடத்துலதான் நாங்களும் கால் வெச்சோம், ஏன்னா மேல காஞ்ச மண்ணு மாதிரி தெரியும், அடில கொதி சேறு.

அதையும் தாண்டினா ஏரி. சுமார் 60 மீட்டர் அகலம். மொதல்ல ஒண்ணுமே தெரியல, ஒரே ஆவி. பாறை விளிம்புல பத்து நிமிஷம் உக்காந்திருந்தோம், காத்து ஒரு பக்கம் ஒதுக்குச்சு, சாம்பல் நீலத்துல தண்ணி, நடுவுல மட்டும் கல்யாண வீட்டு அண்டால உலை கொதிக்கற மாதிரி பொங்கி பொங்கி வருது. என் தம்பி அப்படியே கை எடுத்து கும்பிட்டான். அது லாவா இல்ல அக்கா, அடில இருந்து சூடான வாயு வர்ற ஒரு துவாரம், அது மேல மழைத்தண்ணி நெறைஞ்சு நிக்குது. 2004 டிசம்பர்ல அந்த ஏரி திடீர்னு வத்திப்போய் சில மாசத்துல திரும்ப நெறைஞ்சிருக்கு. கிளியூர் அருவி வெயில் காலத்துல வத்தறதுக்கு மழைதான் காரணம், அங்க தரைக்கு அடில இருக்கறது முடிவு பண்ணுது.

முட்டி வலியோட அண்ணன் அதுக்கு வேண்டாம், மனசார சொல்றேன், எறக்கம்தான் முட்டியக் கொல்லும். நீங்க பழகிட்டு போங்க. அவருக்கு ட்ரஃபால்கர் அருவி இருக்கு, வண்டி எறங்கி கால் மணி நேரம் நடந்தா ரெட்டை அருவி. எமரால்டு பூல்ங்கற அருவிக் குளமும் அவ்ளோதான். அப்புறம் வாட்டன் வேவன்னு ஒரு ஊர் பூரா வெந்நீர் ஊத்து, கந்தகத் தண்ணில ஒரு மணி நேரம் ஊறினா முட்டிக்கு இதமா இருக்கும்.

செவ்வாப்பேட்டை வெள்ளிப்பட்டறை:

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் சொல்லப்போறது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பேரு. டொமினிகா வேற, டொமினிகன் ரிபப்ளிக் வேற. எனக்கு டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட் சாண்டோ டொமிங்கோவுக்கு போட்டுட்டார், அது வேற தீவு, ஸ்பானிஷ் பேசற நாடு. கெளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடிதான் பாத்தேன், மாத்தறதுக்குள்ள தூக்கம் போச்சு, காசும் போச்சு. டிக்கெட்ல டக்ளஸ் சார்ல்ஸ் ஏர்போர்ட்னு இருக்கான்னு பாருங்க, தலைநகர் ரோசோன்னு இருக்கணும். நீங்க அட்லாண்டால இருந்துதான போறீங்க, மயாமில இருந்து நேரா ஃப்ளைட் இருக்கு, 2021 டிசம்பர்ல இருந்து ஓடுது, மூணு மூணரை மணி நேரம். நம்ம இந்திய பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலான்னா டொமினிகால முன்கூட்டி விசா வேண்டாம், திரும்பற டிக்கெட்டும் தங்கற எடமும் கேப்பாங்க. உங்க அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியான்னு மட்டும் இப்பவே எடுத்துப் பாத்துருங்க, திரும்ப உள்ள வரணும்ல.

ரெண்டாவது நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. அந்த கந்தகப் பள்ளத்தாக்குக்கு கொலுசு, மெட்டி, வெள்ளி செயின் எதையும் போட்டுட்டு போகாதீங்க. நான் என் கையால செஞ்ச மோதிரத்த போட்டுட்டு போனேன், காலைல கெளம்பறப்ப பளிச்சுனு இருந்துச்சு, பள்ளத்தாக்கு தாண்டறதுக்குள்ள மொதல்ல மஞ்ச ஓடி, அப்புறம் ஊதா கலந்து, மதியம் பாத்தா இரும்பு கறுப்பு. அந்த ஆவில இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோட சேந்து மேல வெள்ளி சல்ஃபைடு படிய வெச்சுருது. பட்டறைல கறுப்பு பாலிஷ் குடுக்கறதும் இதே கந்தக வேலைதான், பூமி தானா செய்யறத அன்னிக்குதான் பாத்தேன். கறுத்துட்டா பயப்படாதீங்க, அலுமினியத் தாள்ல வெச்சு சோடா உப்பு போட்ட சுடுதண்ணில முக்கினா வந்துரும். கல்லு பதிச்சது, முத்து வெச்சது எல்லாம் முக்கக் கூடாது.

ஆத்தூர் கப்பல் சமையல்:

அக்கா, நான் குரூஸ் கப்பல் கிச்சன்ல ஆறு வருஷம் இருந்தேன், ரோசோ துறைமுகத்துல எத்தனையோ தடவ நின்னுருக்கோம். சாப்பாட்டப் பத்தி கவலையே வேண்டாம், அங்க மண்ணுக்குள்ள வெளையறது எல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான். ப்ரொவிஷன்னு கேப்பாங்க, அது மளிகை இல்ல, வேகவெச்ச கிழங்கும் வாழைக்காயும். டஷீன்னா நம்ம சேப்பங்கிழங்கு இனம், அது எலைய வெச்சு கலாலூன்னு சூப் பண்றாங்க, தேங்காப்பால் ஊத்தி ரொம்ப நல்லாருக்கும், ஆனா நண்டோ கறியோ சேப்பாங்க, சேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. சீமைப்பலா சுட்டுத் தருவாங்க, விடாதீங்க.

நம்ம பக்கம் மரவள்ளிதான பொழப்பு, எங்கப்பா சேகோ ஆலைல, அதான் ஜவ்வரிசி ஆலைல, வேலை பாத்தவர். அதனால ஒரு லீவு நாள் கிழக்குக் கரைல கலினாகோ மக்கள் ஊருக்கு போனேன், கொலம்பஸ் 1493ல வர்றதுக்கு முன்னாடி இருந்தே அந்தத் தீவு அவங்களோடது, வைட்டுகுபுலின்னு பேரு, அவ உடம்பு உயரமானதுன்னு அர்த்தம். கொலம்பஸ் கண்ணுல பட்டது ஞாயித்துக்கெழமைங்கறதால, லத்தீன்ல அந்தக் கெழமையக் குறிக்கற டொமினிகாங்கற பேர வெச்சிட்டாங்க. அங்க ஒரு அம்மா மரவள்ளிய துருவி, பாலப் பிழிஞ்சு எடுத்துட்டு, சக்கையப் பெரிய இரும்புத் தட்டுல விறகு அடுப்புல தட்டி ரொட்டி சுட்டாங்க. பால் விஷம், பிழியாம திங்கக் கூடாதுன்னு அவங்க சைகைல காட்டறாங்க, எனக்கு சின்ன வயசுல எங்கப்பா ஆலைல சொன்னது அதேதான். அந்தச் செடியே அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுகீசுக்காரங்க மூலமா நமக்கு வந்தது, நம்ம ஜவ்வரிசிக்கு மூதாதை அவங்கதான்னு நெனச்சேன், ரெண்டு ரொட்டி வாங்கி கப்பல்ல எல்லாருக்கும் பிச்சுக் குடுத்தேன்.

கப்பல்ல வர்றவங்க ஒரு பகல்ல ஓடி ஓடிப் பாத்துட்டு போயிருவாங்க, பாவமா இருக்கும். நீங்க ஒரு வாரம் தங்கறது நல்ல முடிவு. வெள்ளை மணல் பீச் எதிர்பாக்காதீங்க, பெரும்பாலும் கறுப்பு மணல்தான்.

அஸ்தம்பட்டி வாணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சத்தமா படிச்சுக் காட்டினேன் அவருக்கு. கொலுசு விஷயத்துல நிமிந்து உக்காந்துட்டார். எரிமலை வெடிக்குமாங்கறதுதான் இப்ப அவர் பிடிச்சுட்டு இருக்கறது, பிப்ரவரில புயல் வருமான்னும் கேக்கறார்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

நியாயமான கேள்விதான் அக்கா. டொமினிகால எழுதி வெச்ச காலத்துல லாவா கக்கின வெடிப்பு இல்ல, 1880லயும் 1997லயும் அந்தப் பள்ளத்தாக்குல ஆவி மட்டும் வெடிச்சிருக்கு. டிரினிடாட்ல வெஸ்ட் இண்டீஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க நிலநடுக்கக் கருவி வெச்சு பாத்துட்டே இருக்காங்க. ஆனா அக்கம்பக்கத்துத் தீவுல நடந்திருக்கு, மொன்செராட்ல 1995ல ஆரம்பிச்சு தலைநகரமே சாம்பல்ல பொதைஞ்சுது, செயின்ட் வின்சென்ட்ல 2021 ஏப்ரல்ல வெடிச்சுது. கெளம்பறதுக்கு முன்னாடி அந்த யுனிவர்சிட்டி ஆளுங்க அறிவிப்பப் பாத்துக்கங்க.

புயல் காலம் ஜூன்ல இருந்து நவம்பர், பிப்ரவரி நல்ல மாசம். 2017 செப்டம்பர் 18 ராத்திரி மரியா புயல் மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல அடிச்சு, விடிஞ்சு பாத்தா தீவு பூரா ஒரு எலை இல்லாம பழுப்பா நின்னுச்சாம். எங்க கைடு வீட்டுக் கூரையும் போயிருச்சு. இப்ப காடு திரும்பிருச்சு, ஆனா உசந்த மரங்க தலை ஒடிஞ்சு நிக்கறத நீங்களே பாப்பீங்க. அவங்க தேசியக் கொடில இருக்கற ஊதாக் கிளி சிசெரூ, உலகத்துல வேற எங்கயும் இல்ல, அது அந்தப் புயலுக்கப்புறம் ரொம்பக் கொறஞ்சு போச்சு. நாங்க ரெண்டு நாள் காத்திருந்தும் பாக்கல.

பாரிஸ் அம்மாபேட்டை:

தாமதமா பாத்தேன். அம்மா, இன்னும் மூணு நாள் சேத்துக்க முடிஞ்சா பக்கத்து குவாடலூப் தீவையும் பாருங்க, ரோசோல இருந்து படகு போகுது. அது பிரான்சோட பகுதி, அங்கயும் ஒரு எரிமலை, லா சூஃப்ரியேர், 1467 மீட்டர். நான் சொல்ல வந்தது மலை இல்ல. 1854 டிசம்பர் 24ல ஔரேலின்னு ஒரு கப்பல் நம்ம ஆளுங்கள அங்க எறக்குச்சு, அடிமை முறைய 1848ல ஒழிச்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து கூட்டிட்டுப் போனது, அடுத்த 35 வருஷத்துல 40,000 பேருக்கு மேல. பெரும்பாலும் தமிழங்க. பேச்சு போயிருச்சு, பேரு மாறிருச்சு, ஆனா மாரியம்மன் போகல, மாலியெமென்னு கும்பிடறாங்க, பூசைல பாடற பாட்டு மட்டும் தமிழ், அர்த்தம் தெரியாமலே வாய்வழியா காப்பாத்தி வெச்சிருக்காங்க. கபெஸ்தேர்ங்கற ஊர்ல எரிமலை அடிவாரத்துல பெரிய கோயில் இருக்கு. ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வளந்தவன் நான், அங்க வாசல்ல நின்னு அந்தப் பாட்டக் கேட்டப்ப அழுதுட்டேன். விசா மட்டும் கவனம், ஐரோப்பாவுக்கு எடுக்கற ஷெங்கன் விசாவே இருந்தாலும் அது குவாடலூப்புக்கு தானா செல்லாது, பிரெஞ்சு தூதரகத்துல தனியா கேட்டுக்கங்க.

அஸ்தம்பட்டி வாணி:

தம்பி, நீங்க எழுதினத அவர் ரெண்டு தடவ படிச்சார். அந்தக் கோயில் படம் இருந்தா போடுங்கன்னு சொல்லச் சொன்னார். குவாடலூப் விசா இந்தத் தடவ கெடைக்குமோ என்னமோ, டொமினிகாவுக்கு மயாமி டிக்கெட் பாக்க பொண்ணுகிட்ட சொல்லிட்டோம். நான் நேத்துல இருந்து காலைல அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மொத ரெண்டு கொண்டை ஊசி வரைக்கும் நடக்க ஆரம்பிச்சிருக்கேன், அவர் கீழ டீக்கடைல உக்காந்திருக்கார். நாகலூர் தம்பி, ஏழு மணி நேர நடைக்கு இது பத்துமா, எத்தனாவது வளைவு வரைக்கும் ஏறிப் பழகணும்னு சொல்லுங்க.