ராக்கெட் கக்கும் வாயு மேலே போய் என்ன ஆகிறது?

மின்மினி:
ஃபால்கன் 9 கிளம்பும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒல்லியாக இருக்கும் தீப்பிழம்பு மேலே போகப் போக அகன்று, கடைசியில் வானத்தையே அடைத்துக்கொண்டு ஜெல்லி மீன் மாதிரி நிற்கிறது. அமுக்கிப் பிடிக்கக் காற்று இல்லை, அதனால் விரிகிறது, அதுவரை சரி. அப்புறம்? சும்மா கரைந்து போய்விடுமா, இல்லை அங்கே ஏதாவது வேலை காட்டுமா? இதை யாராவது அளந்திருக்கிறார்களா?

பழைய ரேடியோக்காரன்:
வேலை காட்டும், நன்றாகவே காட்டும். 1973 மே 14 அன்று அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தைச் சுமந்து சாட்டர்ன் 5 ராக்கெட் போனது. நிலவுப் பயணங்களில் அதன் இரண்டாம் அடுக்கு 200 கி.மீ.க்குக் கீழேயே அணைந்துவிடும். அன்று 400 கி.மீ.க்கு மேல் வரை எரிந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்தால் வருவது நீராவியும் மிச்ச ஹைட்ரஜனும்தானே, அவ்வளவையும் அயனி மண்டலத்தின் (சூரிய ஒளி பட்டு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகத் திரியும் மேல்காற்றின்) நடுவிலேயே கொட்டியது. அந்த வழியாக வந்த செயற்கைக்கோள் ரேடியோ சமிக்ஞையைக் கவனித்தபோது, சுமார் 1,000 கி.மீ. ஆரத்துக்கு எலெக்ட்ரான்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன!

மின்மினி:
வெறும் நீராவி எப்படி எலெக்ட்ரானைத் தின்னும்?

பழைய ரேடியோக்காரன்:
அந்த உயரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அணு அயனி. அது எலெக்ட்ரானோடு சேர ரொம்பவே தாமதமாகும். நீர் மூலக்கூறு குறுக்கே வந்தால் மின்னூட்டம் அதற்கு மாறிவிடும். மூலக்கூறு அயனியோ எலெக்ட்ரானைக் கண்டதும் பிடித்துக்கொண்டு இரண்டாக உடைந்துவிடும். ஆக எலெக்ட்ரான் காலி. இதை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள், 1985இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் எஞ்சினை ரேடார் நிலையங்களுக்கு மேலே வைத்து எரித்து. எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் சோதனைதான்: அயனி மண்டலம் வழக்கமாகத் தடுத்துவிடும் 1.7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை, அந்த ஓட்டை வழியாக நம் பால்வீதியிலிருந்து பிடித்தார்கள்.

குழாயடி:
தரையில் வெற்றிட அறைக்குள் எரித்துப் பார்த்தால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். எஞ்சினைப் பற்றவைத்ததுமே அறைக்குள் வாயு நிரம்பிவிடும், பம்பு எவ்வளவு இழுத்தாலும் விண்வெளி அளவு வெற்றிடம் நிற்காது. செனான் வாயுவை அயனியாக்கி மின்சாரத்தால் வெளியே தள்ளும் அயனி எஞ்சினில் இது இன்னும் தொல்லை. அறையில் தங்கிய செனான் அணுக்கள், சீறி வரும் அயனிகளிடமிருந்து மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகரும், எஞ்சின் பக்கமே திரும்பவும் வரும். மேலேயும் அது நடக்கும் (சூரியத் தகடு வைப்பவர்கள் கவலைப்படுவது இதற்குத்தான்), ஆனால் அறையில் அளந்த எண் கூடுதலாகக் காட்டும். அப்புறம் வேகம். விண்ணோடம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 7.7 கி.மீ.யில் ஓடியது, முன்பக்கமாக எரித்தால் வாயு வெளியேறும் வேகம் 3 கி.மீ.யும் கூடி, வாயு மூலக்கூறுகள் அங்குள்ள ஆக்சிஜன் அணுக்கள் மேல் 10 கி.மீ.க்கு மேல் வேகத்தில் மோதி ஒளிரும். இதை எந்த அறையில் வைத்துச் செய்வது? ஹவாயில் மாயி தீவின் மலையுச்சித் தொலைநோக்கிகளை வைத்து, விண்ணோடம் தலைக்கு மேல் கடக்கும்போது எரிக்கச் சொல்லித்தான் அந்த ஒளியைப் பார்த்தார்கள்.

மின்மினி:
அப்போ ஜிபிஎஸ் குழம்புமா?

பழைய ரேடியோக்காரன்:
கொஞ்சம். 2017 ஆகஸ்டில் தைவானின் ஃபார்மோசாட்-5 செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது அயனி மண்டலத்தில் சுமார் 900 கி.மீ. அகல ஓட்டை விழுந்தது. சுமை 475 கிலோதான் என்பதால் ராக்கெட் சாயாமல் செங்குத்தாக ஏறியிருந்தது. ஜிபிஎஸ் ஒரு மீட்டர் அளவு தப்பியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆட்டோக்காரருக்கு உங்கள் வீடு கிடைக்காததற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது.