எல்லாம் பச்சையாக இருந்த வாரங்கள்

நான் நிதிப் பிரிவில் இருந்தேன். பல ஆயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனம், பெயர் வேண்டாம். நொடித்துப்போகும் தறுவாயில் இருந்த இரண்டு வருடத்தில் மூன்று தலைவர்களைப் பார்த்துவிட்டேன். முதல் இருவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறிக்கை விட்டார்கள், போனார்கள்.

மூன்றாமவர் வந்த அன்று எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த மாதம் 20ஆம் தேதி வங்கியில் எவ்வளவு இருக்கும்?" எங்கள் மேலாளர் காலாண்டு லாபக் கணக்கைத் திறந்தார். "லாபத்தைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்டேன்" என்றார். எல்லாரும் முழித்தோம். விற்றது கணக்கில் அன்றே ஏறிவிடும். காசு வர மூன்று மாதம் ஆகும். சம்பளமோ மாதம் பிறந்தால் போட்டாக வேண்டும். லாபம் காட்டிக்கொண்டே ஒரு நிறுவனம் மூழ்குவது இந்த இடைவெளியில்தான்.

அன்று இரவு உட்கார்ந்து 13 வார அட்டவணை போட்டோம். வாரா வாரம் வர வேண்டியது, போக வேண்டியது, மிச்சம். நொடித்த நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த வருகிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பதே இதைத்தான் என்று பிறகு தெரிந்தது. ஒன்பதாவது வாரத்தில் மிச்சம் மைனஸுக்குப் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் முகத்தில் ஏனோ ஒரு நிம்மதி. "சரி, எட்டு வாரம் கையில் இருக்கிறது" என்றார்.

அதுவரை சப்ளையர்கள் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருப்பதே எங்கள் வேலை. அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முழுப் பாக்கியும் இப்போது முடியாது, இந்த வெள்ளி இவ்வளவு, அடுத்த வெள்ளி இவ்வளவு என்று சொன்னார். சொன்ன வெள்ளியில் சொன்ன தொகை போயாக வேண்டும். அதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. அத்தனை சப்ளையரும் முன்பணம் கேட்க ஆரம்பித்தால் எட்டு வாரம் மூன்று வாரமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது: அதற்கு முன்னால் வாராந்தரக் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரித்தவன் நான்தான். எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எதிலும் சிக்கல் இல்லை. மஞ்சள் (கவனம்) போட்டால்கூட என் மேலாளர் திருப்பி அனுப்புவார். ஃபோர்டு கார் நிறுவனத்திலும் இதே கதைதான் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. 2006இல், விமானம் செய்யும் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி அங்கே தலைவராகச் சேர்ந்த ஆண்டில், நஷ்டம் 1,270 கோடி டாலர். வியாழக்கிழமைக் கூட்டத்திலோ எல்லாம் பச்சை. அங்கே உயரதிகாரியாக இருந்த மார்க் ஃபீல்ட்ஸ், எட்ஜ் கார் வெளியீட்டில் சிக்கல் என்று சிவப்பைக் காட்டியபோது அறையே உறைந்துபோனது, முலாலி கைதட்டினாராம். எங்கள் ஆள் கைதட்டவில்லை. உற்பத்திப் பிரிவுக்காரர் முதல் சிவப்பைக் காட்டியதும், "இவருக்கு யார் ஆள் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஏழு சிவப்பு வந்தது.

ஆட்குறைப்பும் நடந்தது. முந்தைய இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு தடவை வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கெட்டிக்காரர்கள் தாங்களாகவே முதலில் கிளம்பினார்கள். இவர் ஒரே தடவையில் முடித்தார். என் பக்கத்து இருக்கைக்காரர் அதில் போனார்.

* * *

மேலே எழுதியவர் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமைப் பணத்துக்காகக் காத்திருந்த சப்ளையர் பக்கத்து ஆள் நான் (நிறுவனம் வேறு). எங்களுக்கு வந்த போன் நாற்பது நொடிதான் இருக்கும். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் இல்லை. தேதியும் தொகையும் மட்டும். சரக்கை நிறுத்தலாம் என்று முடிவெடுத்திருந்தேன், அதை மாற்றிக்கொண்டேன். மூன்றாவது வெள்ளி பணம் வராதபோது மறுபடி கூப்பிடுவார்களா என்று பார்த்தேன். கூப்பிட்டார்கள், காலை எட்டு மணிக்கே.

* * *

நான் மனிதவளப் பிரிவு. தலைவரைக் கொண்டாடுவதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஜப்பான் ஏர்லைன்ஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரியில் திவால். சம்பளம் வாங்காமல் தலைமை ஏற்க வந்தார் 78 வயது கசுவோ இனாமோரி. 2012 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கே திரும்பிவிட்டார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வேலைகள் போயின, ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும் குறைந்தது, வங்கிகள் கடனைத் தள்ளுபடி செய்தன, அரசு சார்பு நிதியம் 35,000 கோடி யென் போட்டது. எங்கள் நிறுவனம் மீண்டபோது நடந்த விழாவுக்கு அழைப்புப் பட்டியல் போட்டது நான். வேலையிழந்தவர்களையும் கூப்பிடலாமா என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.