பத்து வயது மகனுக்குச் சாரணர் படை: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

தஞ்சைக்குப் புதியவள்:
வணக்கம். மாற்றலாகி, சேலத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மகன் ஆறாம் வகுப்பு. அவனுக்குப் பேச்சு திக்கும். ‘ப’வில் தொடங்கும் சொல் என்றால் உதடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவான். அவன் பெயரே ‘ப’வில்தான் தொடங்குகிறது. அதனால் புதுப் பள்ளியில் இன்னும் யாரிடமும் தன் பெயரைச் சொல்லவில்லை.

சேலத்தில் எட்டு மாதம் குருளையர் படையில் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) இருந்தான். விருந்தினர் வரும் நாட்களில் சீருடையோடு வெயிலில் நிற்க வைத்ததுதான் அங்கே அதிகம். உறுதிமொழி ஏற்கும் நாளில் எல்லார் முன்னாலும் மூன்று முறை ‘மறுபடி சொல்’ என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கழுத்துத் துண்டைக் கழற்றி அலமாரியில் போட்டவன், அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் துணி காயப்போடும் கயிறு அவன் கையில்தான் எப்போதும் இருக்கிறது. முடிச்சுகள் மேல் அவ்வளவு ஆசை.

இங்கே இரண்டு வழி உண்டு. அவன் பள்ளியிலேயே ஒரு சாரணர் படை; அறுபது பிள்ளைகள், ஒரே ஆசிரியர். ஒரே வருடத்தில் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, பள்ளி சாராத படை. சனிக்கிழமை மாலை ஒரு மைதானத்தில் கூடுகிறது, இருபது பேர் இருக்கலாம். என் கணவர், என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை பொறு என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்:
அம்மா, இருபத்தாறு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சேலத்தில் நடந்ததைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது.

முதலில் உங்கள் கணவருக்கு. என்.சி.சி. இளநிலைப் பிரிவில் சேர அவனுக்கு இன்னும் வயதாகவில்லை. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாரணர் பிரிவு பத்து வயதிலேயே திறந்திருக்கிறது.

ஒரே வருடத்தில் ராஜ்ய புரஸ்கார் என்பதை நம்பாதீர்கள். பிரவேஷ் என்ற நுழைவு நிலை, அதன் பின் பிரதம, த்விதீய, த்ரிதீய சோபான்கள், எல்லாம் தாண்டித்தான் அந்த விருது. சோபானம் என்றால் படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் பிள்ளை மாதக்கணக்கில் நின்று கற்க வேண்டும். அவசரமாக ஏற்றப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மார்பில் சின்னம் இருக்கும்; படகு முடிச்சு போடச் சொன்னால் கை தடுமாறும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அணி முறையை. ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களில் ஒருவன் அணித்தலைவன். இப்படி மூன்று நான்கு அணிகள் கொண்டது ஒரு படை. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே இருபது சிறுவர்களை நான்கு அணிகளாகத்தான் பிரித்தார். பெரிய பள்ளிகளில் படித்தவர்களையும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளையும் கலந்தே வைத்தார். அறுபது பேர் நடுவில் உங்கள் மகன் தொலைந்துபோவான். ஏழு பேர் நடுவில் கயிறு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். அவன் கை உயரும்.

ஒரு சனிக்கிழமை போய், சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் குரல் ஓயாமல் கேட்கிறதா, அணித்தலைவர்கள் பேசுகிறார்களா? தலைவர் பயிற்சி முடித்தவரா என்று கேளுங்கள். படைத் தலைவர்களுக்கான உயர் பயிற்சியான ஹிமாலயன் வுட் பேட்ஜ் முடித்தவர் என்றால் கழுத்தில் தோல் கயிற்றில் இரண்டு மர மணிகள் இருக்கும். இந்த ஆண்டுக்கான படையின் பதிவைப் புதுப்பித்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

உறுதிமொழி பற்றி. என் படையிலும் திக்கும் பையன் ஒருவன் இருந்தான். அவனோடு அணி முழுவதும் வலக்கை விரல் மூன்றை உயர்த்தி, ஒரே குரலில் உறுதிமொழியைச் சொன்னது. பலர் சேர்ந்து சொல்லும்போது திக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தடை வருவதில்லை. பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் இது தெரிந்த விஷயம். பையன் கடைசிச் சொல் வரை நில்லாமல் சொன்னான். அன்று நான் அழுதுவிட்டேன். சேருமுன்பே தலைவரிடம் இதைக் கேளுங்கள். ‘எல்லாருக்கும் ஒரே விதிதான்’ என்று முகம் சுளித்தால், அந்தப் படை வேண்டாம்.

மதுரை சாரணியின் தாய்:
ஐயா சொன்னதோடு ஒன்று. முகாமிலும் சரி, வாரக் கூட்டத்திலும் சரி, பிள்ளை எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. இரவு எங்கே தூங்குகிறார்கள், எத்தனை பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது எங்கள் தலைவி கோபப்படவில்லை. கூடாரங்கள் அமையும் இடத்தைத் தாளில் வரைந்தே காட்டினார். என் மகள் அங்கே ஐந்து வருடமாக இருக்கிறாள்.

கல்லூரித் திரி சாரணர் (ரோவர்):
அக்கா, 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் சாரணர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி (ஜம்போரி என்ற பெருமுகாம்) நடந்ததே, அங்கே தண்ணீர்க் குழாய்கள் பக்கம் தொண்டு செய்தேன். வடகிழக்கிலிருந்து வந்த ஒரு பையனும் நம் ஊர்ப் பையனும் பேட்ஜ் மாற்றிக்கொள்ள அரை மணி நேரம் பேரம் பேசினார்கள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் கிடையாது, விரல்களும் கண்களும்தான். உங்கள் மகனை அங்கே நிறுத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தஞ்சைக்குப் புதியவள்:
போன சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். பதினெட்டுப் பேர், மூன்று அணிகள். தலைவர் ஒரு மரத்தடியில் பெரும்பாலும் சும்மா நின்றார். எனக்கு அது முதலில் அலட்சியமாகத் தெரிந்தது, ஐயா எழுதியது நினைவுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. இரண்டு மூங்கில்களைக் கட்டிக்கொண்டிருந்த அணித்தலைவன் என் மகனைப் பார்த்து, பெயர்கூடக் கேட்காமல், ‘இந்தப் பக்கம் பிடி’ என்றான். அவன் பிடித்தான். முடிச்சு தளர்வாக இருப்பதைக் கண்டு, தானே அவிழ்த்து மறுபடி போட்டான்.

உறுதிமொழி பற்றித் தலைவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ‘அணியோடு சேர்ந்து சொல்லட்டும், எந்த அணி என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும்’ என்றார். முகாமில் இரண்டு பெரியவர்கள் கூடவே இருப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் ஓர் இரவு முகாமாம். பாத்திரமில்லாச் சமையல் உண்டு என்றார்கள். உருளைக்கிழங்கைக் களிமண் பூசித் தணலில் சுடுவார்களாம். அவனுக்குக் கிழங்கு ஒத்துக்கொள்ளாது. மாற்றாக என்ன கொடுத்தனுப்பலாம், ஐயா?

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்:
கோதுமை மாவு ஒரு பை, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்த மாவைப் பச்சைக் குச்சியில் சுற்றித் தணலில் சுடலாம். அணி முழுவதுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.