பெய்ஸ்லி தேவாலயங்கள்: போய்ப் பார்த்தவர்கள் சொல்வது

விக்கிரமசிங்கபுரத்தான்:

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பெய்ஸ்லி கில்மோர் ஸ்ட்ரீட் வந்துவிடும். அங்கே இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நேராக அபே என்கிற பழைய துறவி மடத்துக் கோயிலுக்குத்தான் போவார்கள். நான் முதலில் பார்க்க ஆசைப்பட்டது வேறு இடம். ஹை ஸ்ட்ரீட்டின் மேற்குக் கோடியில் நிற்கும் தாமஸ் கோட்ஸ் நினைவுத் தேவாலயம்.

கோட்ஸ் என்பது எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய பேர். அப்பா பாபநாசம் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் ஆரம்பித்த மில் அது. அவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். 1974இல் மதுரா மில்ஸும் பெய்ஸ்லி நூல் கம்பெனியான ஜே அண்ட் பி கோட்ஸின் இந்தியக் கம்பெனியும் ஒன்றாகி மதுரா கோட்ஸ் ஆனது. சம்பளச் சீட்டிலும் கோட்ஸ், போனஸ் பேச்சிலும் கோட்ஸ். தையல் வகுப்புக்கு அக்கா வாங்கிய ஆங்கர் எம்பிராய்டரி நூலும் அவர்களுடையதுதான். அந்தக் குடும்பம் சாமி கும்பிட்ட இடத்தைப் பார்க்காமல் விடுவேனா?

தெருவிலிருந்து அகலமான படிகள் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். முழுக்கச் சிவப்பு மணற்கல். கோபுர உச்சி கூர்மையாக முடியாமல், கல் வளைவுகள் ஒன்றையொன்று தாங்கிக் கிரீடமாக நிற்கும். எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். நூல் ஆலை முதலாளி தாமஸ் கோட்ஸ் 1883இல் காலமானார். அவர் நினைவாகக் குடும்பத்தார் இப்போலிட் பிளாங்க் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டி, 1894இல் திறந்தார்கள். அவர்கள் பாப்திஸ்து சபை. ஆடம்பரம் இல்லாத சின்னச் சின்ன ஆலயங்களில் ஆராதனை நடத்துகிற சபைக்கு இப்படி ஒரு பிரம்மாண்டமா என்று அன்றைக்கே பேசியிருப்பார்கள். ‘ஐரோப்பாவின் பாப்திஸ்து கதீட்ரல்’ என்ற பட்டப்பேர் இன்றைக்கும் இருக்கிறது.

நான் போனது கூட வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு. ஆமாம், இப்போது அது கல்யாணம், கச்சேரி, விருந்து நடக்கிற இடம். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போய், 2018 ஆகஸ்டில் சபையை மூடிவிட்டார்கள். உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டுப் பேச வந்தார். ஹில் கம்பெனி செய்த ஆர்கன், 3,040 குழாய்கள் என்று பெருமையோடு காட்டினார். முன்னால் வெள்ளைச் சலவைக்கல்லில் படி இறங்குகிற தொட்டி ஒன்று இருக்கிறது. பாப்திஸ்துகள் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதோடு விடமாட்டார்கள். வளர்ந்த பிறகு, ஆளையே முழுக்கி எடுத்துத்தான் ஞானஸ்நானம். தன்னையும் இதே தொட்டியில்தான் முழுக்கினார்கள் என்றார்.

“தண்ணீர் எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“ஸ்காட்லாந்துத் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி” என்றார்.

என் அப்பா மில் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவர் வீட்டிலும் இரண்டு தலைமுறை நூல் ஆலையில். இந்தியாவில் கோட்ஸ் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். “இங்கே இல்லை” என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கப் போய்விட்டார்.

ஒரு விஷயம். எங்கள் ஊர்க்காரன் வியர்வையில் கட்டிய கோயில் என்று யாரும் உணர்ச்சிவசப்பட வேண்டாம். வருஷக் கணக்கு ஒத்துவராது. இது கட்டும்போது எங்கள் மில் ஹார்விகளுடையது. இது பெய்ஸ்லிப் பெண்கள் ஆலையில் நின்ற கால்வலியில் கட்டியது. அந்தப் பணம் கோட்டையாட்டம் ஒரு கட்டடத்தைத் தந்தது, 124 வருஷம் கழித்து அதில் உட்கார ஆள் இல்லை. அபேயைப் பற்றி அங்கே போனவர்கள் எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நெல்லை வக்கீல்:

அண்ணாச்சி, அந்தப் படி இறங்கி அப்படியே கொஞ்சம் நடந்திருந்தால் வெல்மெடோ. சட்டம் படித்தவன் எவனும் அந்தப் பேரை மறக்கமாட்டான். 1928 ஆகஸ்டில் மே டோனஹியூ என்ற கிளாஸ்கோப் பெண்மணி அங்கே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தோழி வாங்கிக்கொடுத்த ஜிஞ்சர் பீரைக் குடித்தார். மிச்சத்தை ஊற்றும்போது பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்தது என்பது வழக்கு. பாட்டிலை வாங்கியது தோழி என்பதால் இவருக்கும் கடைக்கும் ஒப்பந்தம் கிடையாது. அப்புறம் எப்படி நஷ்டஈடு கேட்பது? தயாரித்த ஸ்டீவன்சன் மேல் போட்டார். 1932இல், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் ஆட்கின் பிரபு தீர்ப்பு எழுதினார். அயலானை நேசி என்கிற வேதக் கட்டளை சட்டத்துக்குள் வரும்போது அயலானுக்குக் கேடு செய்யாதே என்று ஆகிறது, சரி, அந்த அயலான் யார் என்று கேட்டுக்கொண்டு போகிறது அந்தத் தீர்ப்பு. லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவிடம் அதே கேள்வியைக் கேட்டவன் ஒரு நியாயசாஸ்திரி, அதாவது நம்ம ஆள். அவனுக்கு இயேசு சொன்ன பதில்தான் நல்ல சமாரியன் கதை.

நான் போனபோது நல்ல மழை. கடை இல்லை, நினைவுப் பலகைதான். அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் கோட்ஸ் கோபுரம். இத்தனை தேவாலயம் இருக்கிற ஊரில் சமாரியன் கதை சட்டமானது ஒரு காபிக் கடையால். நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரை கோர்ட்டில் நிரூபணம் ஆகவில்லை என்பது தனிக் கூத்து.

மன்னார்த் தாதி:

அண்ணா, நீங்கள் இரண்டு பேரும் கத்தோலிக்கரை மறந்துவிட்டீர்கள். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் வேலைக்கு வந்த புதிதில், இரவு வேலை முடிந்த கையோடு இன்கிள் ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் மிரின் பேராலயத்துக்குப் பூசைக்குப் போனேன். பார்க்கப் புதுக் கட்டடமாகத் தெரியும், 1932இல் திறந்தது. 1947இல் பெய்ஸ்லி மறைமாவட்டம் ஏற்பட்ட பிறகு அதுவே ஆயரின் கோயில். ஆனால் கதை அதற்கும் முன்னால் போகிறது. 1560இல் மதச் சீர்திருத்தம் வந்ததும் ஸ்காட்லாந்தில் பூசை வைப்பதே குற்றம். இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1808இல்தான் இந்த ஊரில் கத்தோலிக்கருக்கு மறுபடி ஒரு கோயில் கிடைத்தது. நாட்டிலேயே முதலில் எழும்பியவற்றில் ஒன்று. அதை நிரப்பியது ஆலை வேலைக்கு அயர்லாந்திலிருந்தும் ஹைலாண்ட்ஸிலிருந்தும் வந்த ஏழைச் சனம். மடு மாதாவிடம் வளர்ந்த எனக்கு, பிழைப்புக்கு வந்த சனம் கட்டிய கோயில் என்றதும் அந்நியம் போய்விட்டது.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மா வந்து இருந்தா. எண்பது வயது தாண்டியிருக்கும். என் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நர்ஸா?” என்று கேட்டா. சோப்பும் சானிடைசரும் பட்டு வெடித்த தோலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டா. பிறகு தன் கையைக் காட்டினா. ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு மெல்லிய தழும்பு. ஆங்கர் ஆலையில் ஓடுகிற நூலைப் பிடித்தபோது அறுத்ததாம். பள்ளிக்கூடத்தை விட்டவுடன் போனவ, கல்யாணம் வரை அங்கேதான். அந்த ஆலை 1993இல் மூடியது. கட்டடத்தின் ஒரு பகுதி இப்போது குடியிருப்பு. “நான் வேலை செய்த மாடியில் இப்போது யாரோ குளிக்கிறான்” என்று சொல்லிச் சிரித்தா. அடுத்த ஞாயிறு எனக்குக் கையில் பூசக் களிம்பு கொண்டுவந்து தந்தா.

வாலுப்பயல் அப்பா:

அபே போனவன் நான். சரித்திரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1163இல் ஸ்காட்லாந்து மன்னரின் தலைமைக் காரியஸ்தர் வால்டர் ஃபிட்ஸ் ஆலன், குளூனி சபைத் துறவிகளுக்காக மடம் ஏற்படுத்தினார். முதலில் இங்கிலாந்தின் மச் வென்லாக்கிலிருந்து 13 பேர் வந்தார்கள். 1307இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படை எரித்தது. பதினாறாம் நூற்றாண்டில் நடுக் கோபுரம் சரிந்து கிழக்குப் பாதியை நாசமாக்கியது. மேற்குப் பாதியைச் சுவர் வைத்து அடைத்துக்கொண்டு ஊர் தன்பாட்டுக்கு ஆராதனை நடத்தியது. இடிந்த பாதி மறுபடி எழுந்து முழுக் கோயிலானது 1928இல். இன்றைக்கும் ஞாயிறு ஆராதனை நடக்கிற சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பங்குக் கோயில். அண்ணாச்சி கேட்ட ஒப்பீட்டுக்கு என் பதில் இது: ஒரே மூச்சில் பெரிதாகக் கட்டியது காலியானது, ஒட்டுப்போட்டு ஓட்டியது ஓடுகிறது. இதிலிருந்து விதி எதுவும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் நேரில் பார்த்தால் எனக்கு அபேதான் பிடித்தது.

பையனுக்கு ஏழு வயது. சர்ச் என்றாலே முகத்தைத் தூக்கிக்கொள்வான். அன்றைக்கு மட்டும் கூரையைப் பார்த்து, “அப்பா, அங்க ஒரு ஏலியன்!” என்று கத்தினான். கூரை விளிம்பில், நம் கோயில் கோமுகி மாதிரி மழைத் தண்ணீரை வெளியே துப்புகிற பூதமுகக் கற்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். 1990களின் தொடக்கத்தில் பழையவை சிதைந்து போனதால், 13இல் 12ஐப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். அதில் ஒன்று அச்சு அசல் ‘ஏலியன்’ படப் பிராணி: பின்னோக்கி நீண்ட மண்டை, துருத்திய பல்வரிசை. எந்தக் கொத்தனாரின் குறும்போ. 2013இல் அதன் படம் இணையத்தில் உலகம் சுற்றியது.

உள்ளே ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியின் கல்லறை. கர்ப்பிணியாகக் குதிரையிலிருந்து விழுந்து 1316இல் இறந்தாள், பிள்ளை பிழைத்தான், பின்னாளில் இரண்டாம் ராபர்ட் என்று அரியணை ஏறினான் என்பது ஊர் சொல்லும் கதை. ஸ்டூவர்ட் அரச வம்சம் அவனிலிருந்து தொடங்குகிறது. கல்லறையே பல துண்டுகளை எடுத்து ஒட்டியது, இணைப்புகள் கண்ணுக்குத் தெரியும். வழிகாட்டி அம்மா பையனைக் குனியவைத்து, “எங்கே ஒட்டியிருக்கிறது, கண்டுபிடி” என்றார். அவன் கால் மணி நேரம் நகரவில்லை. அப்புறம் மடத்துக்கு அடியில் ஓடும் பழைய கல் சாக்கடையைப் பற்றிச் சொன்னார். சில இடங்களில் ஆள் நிமிர்ந்து நடக்கலாமாம். தோண்டியபோது பகடைக்காய்களும், இசைக் குறிப்பு கீறிய சிலேட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஸ்காட்லாந்தில் பல குரல் இசைக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அவையும் உண்டு. துறவிகள் சூதாடினார்களா என்று பையன் கேட்டான். அந்த அம்மா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தான்:

தங்கச்சி, ஆங்கர் ஆலையம்மா கதையை அப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். இடது கையிலா வலது கையிலா தழும்பு என்று கேட்கிறார். கேட்டுச் சொல்லுங்கள்.

வாலுப்பயல் அப்பா, அடுத்த தடவை நியூ ஸ்ட்ரீட்டில் ஆர்ட்ஸ் சென்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 1738இல் கட்டிய லே கர்க் தேவாலயம். அங்கே ஊழியம் செய்த ஜான் விதர்ஸ்பூன் 1768இல் அமெரிக்கா போய், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது ஊழியத்தில் இருந்த ஒரே போதகர் ஆனார். இப்போது அங்கே நாடகம் போடுகிறார்கள், பிள்ளைகளுக்கும் நடக்கும். டிக்கெட்டை முன்னாடியே எடுத்துவிடுங்கள், சின்ன இடம்.