அயர்லாந்தின் சிறுமுதலீட்டுப் பேய்ப்படங்கள்: கவனித்தவற்றைப் பகிருங்கள்

டேமியன் மெக்கார்த்தியின் ‘கேவியட்’ (2020) என்றாலே டமாரம் தட்டும் முயல் பொம்மையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சங்கிலியை யாரும் பேசுவதில்லை. நாயகன் ஐசக்கின் உடம்பில் பட்டை மாட்டிச் சங்கிலியில் கோத்துவிடுவார்கள். சில அறைகளுக்குள் அவனால் போகவே முடியாது. பயமும் அதில்தான், சிக்கனமும் அதில்தான். முயல் தட்டினால் ஏதோ நெருங்குகிறது என்று பழக்கிவிட்டதால், பேயைக் காட்டும் செலவும் மிச்சம்.

அதே இயக்குநரின் ‘ஆடிட்டி’யில் (2024) அந்த வேலையை ஆளுயர மரப்பொம்மையான மரமனிதன் செய்கிறான். வாயைப் பிளந்தபடி மேசையருகே உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். இதே உத்தியில் குறும்படம் எடுப்பவர்கள் பொம்மைக்குத் தனி குளோசப் வைக்காதீர்கள். வைட் ஷாட்டின் ஓரத்தில் விட்டுவிட்டு, அடுத்த ஷாட்டில் தலையை மட்டும் கொஞ்சம் திருப்புங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பொம்மையைப் போட்டோ எடுத்து வைப்பது கட்டாயம். லைட் மாற்றும்போது யாராவது அதை நகர்த்திவிட்டால், வேண்டுமென்றே திருப்பியது எது, கைதவறியது எது என்று எடிட்டிங்கில் பிரிக்க முடியாது.

*

மேலே எழுதியவர் இருட்டை விட்டுவிட்டார். கானர் மெக்மஹனின் ‘ஃப்ரம் தி டார்க்’ (2014) பாருங்கள். மக்கிய செடிகள் படிந்த சதுப்பு நிலத்தில் தோண்டும்போது வெளிவரும் ரத்தக்காட்டேரிக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே மெழுகுவத்தி, விளக்கு, போன் என்று பாத்திரங்கள் கையில் பிடிப்பதே படத்தின் லைட்டிங். ஒவ்வொன்றாக அணைய அணையக் கதை நகர்கிறது.

மெழுகுவத்தி ஒற்றைத் திரியில் போதாது. இரண்டு மூன்று திரி வேண்டும். லென்ஸை முழுக்கத் திறந்தால் வெளிச்சம் வரும், ஆனால் போக்கஸ் ஆழம் போய்விடும். நடிகர் ஒரு கையளவு முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கும், அவர் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்துத் தரையில் டேப் ஒட்டுங்கள்.

இன்னொன்று, அயர்லாந்தில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 10 ஆகும், காலை 5 மணிக்கே உதித்துவிடும். அந்தி வெளிச்சத்தையும் கழித்தால், வெளிப்புற ராக்காட்சிக்கு 4 மணி நேரம்கூடத் தேறாது. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஆனால் குளிரில் நின்ற கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். வெளியிலேயே பையில் போட்டு மூடி, உள்ளே கொஞ்ச நேரம் வைத்த பிறகு திறப்பதுதான் வழி.

மழைக்கு ஒரு வரி: பின்னாலிருந்து லைட் அடிக்காவிட்டால் கேமராவில் தெரியாது.

*

பணக்கணக்கும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் படத்தயாரிப்புக்குத் தரும் ‘செக்‌ஷன் 481’ வரிச்சலுகை, அடிப்படையாகத் தகுதியான செலவில் 32 சதவீதம். குறைந்தது 1,25,000 யூரோ தகுதியான செலவு காட்டினால்தான் கிடைக்கும். நண்பர்களிடம் கைமாற்று வாங்கி எடுக்கும் படம் அந்த வாசலுக்கே வராது.

பெரிய பங்களா இருந்தால் பயம் தானாக வந்துவிடாது. வெக்ஸ்ஃபோர்டில் லாஃப்டஸ் ஹாலில் எடுத்த ‘தி லாட்ஜர்ஸ்’ (2017) கண்ணுக்கு அழகு, நெஞ்சில் நிற்கவில்லை. கேட் டோலனின் ‘யூ ஆர் நாட் மை மதர்’ (2021) டப்ளினில் சாதாரணக் குடியிருப்பு ஒன்றிலேயே நடக்கிறது. திரும்பி வந்த அம்மா அம்மாதானா என்ற சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அந்த அம்மாவாக நடித்த கரோலின் பிராக்கன்தான் ‘ஆடிட்டி’யில் இரட்டைச் சகோதரிகள். ஐரிஷ் மொழியில் வேண்டுமென்றால் ஆஷ்லின் கிளார்க்கின் ‘ஃப்ரேவக்கா’ (2024). எல்லாவற்றையும் ஹெட்போனில் பாருங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பாதி படம் காணாமல் போகும்.