மறு: இழுப்பறை 'லாட்ச்' - 'தாழ்ப்பாள்' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> லாட்சுக்குத் தாழ்ப்பாள் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நம் கலைச்சொல் பட்டியலில் லாட்சுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த இந்தக் கேள்விக்கு என் பதில்: தாழ்ப்பாள் போதாது. சேலத்தில் எங்கள் டூல் செஸ்டின் (இழுப்பறைகள் வைத்த கருவிப் பெட்டி) லாட்சைக் கழற்றி, உடைந்த பாகத்தை நானே செய்து மாட்டிய கையோடு இதை எழுதுகிறேன்.

தாழ்ப்பாளை நாம்தான் போட வேண்டும், நாம்தான் எடுக்க வேண்டும். லாட்ச் தானே விழும். எடுக்க மட்டும்தான் விரல் வேண்டும். இழுப்பறை முகப்புக்குப் பின்னால் சின்ன மூக்கு ஒன்று இருக்கும். அதற்கு ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் நேர்வெட்டு. அறையைத் தள்ளும்போது சரிவு சட்டத்தின் விளிம்பில் ஏறி ஸ்பிரிங்கை அமுக்கும். விளிம்பைத் தாண்டியதும் ஸ்பிரிங் மூக்கை டக்கென்று இறக்கிவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நேர்வெட்டு முகம் விளிம்பில் முட்டி நிற்கும். இந்த 'தானே விழுவது' சொல்லில் வர வேண்டாமா?

எங்கள் பெட்டியில் மூக்கு பிளாஸ்டிக். லாட்சின் உடம்போடு அது சேரும் உள்மூலையில் விரிசல் விட்டுப் பெயர்ந்திருந்தது. மூலை கூராக இருந்தால் இழுக்கும் விசையெல்லாம் அங்கேதான் குவியும். உருக்காலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் துண்டுக்குப் பஞ்சமில்லை. 1.5 மி.மீ. கனமுள்ள 304 ரக எவர்சில்வர் தகட்டில் பழைய பாகத்தை வைத்துக் கோடு கிழித்தேன். உள்மூலை வரும் இடத்தில் முதலில் 3 மி.மீ. துளை போட்டு, ரம்பத்தால் அந்தத் துளை வரைக்கும் அறுத்தேன். இப்படிச் செய்தால் மூலை தானாகவே உருண்டையாக அமைந்துவிடும். பழைய கனம் வருவதற்கு இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவிட் அடித்தேன். அரம் போடும்போது நேர்வெட்டு முகத்தின் ஓரம் மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழுங்கினால் பிடி வழுக்கும்.

அதே தகட்டிலேயே ஸ்பிரிங்கும் வெட்டிக்கொள்ளலாமே என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். கடையில் மென்பதமாகக் கிடைக்கும் 304 அதற்கு ஆகாது. வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், திரும்பி வராது. ஆகவே ஸ்பிரிங்கைப் பியானோ கம்பியில் (ஸ்பிரிங் செய்ய உதவும் விறைப்பான எஃகுக் கம்பி) சுற்றிக்கொண்டேன்.

> பெட்டியில் லாட்சுக்குப் பதில் டிடென்ட் என்ற எஃகுக் குண்டு நிறுத்தம் இருந்தாலும் அதே வேலையைத்தானே செய்கிறது?

இல்லை. டிடென்ட் என்பது வேறு. அதில் ஸ்பிரிங் அழுத்தும் குண்டு ஒரு குழியில் உட்காரும். கொஞ்சம் பலமாக இழுத்தால் விட்டுக்கொடுத்துவிடும். விரல் வைத்து விடுவிக்கத் தேவையில்லை. வீட்டு மேசைக்கு அது போதும். இந்தப் பெட்டியோ ஜீப்பில் ஏற்காட்டுக்குப் போய் வருவது, காப்பித் தோட்டத்து இயந்திரங்களைப் பழுது பார்க்க. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்பேனர் நிறைந்த இழுப்பறை ஒவ்வொரு திருப்பத்திலும் தன் எடையாலேயே வெளியே வரப் பார்க்கும். குண்டும் குழியும் அதைத் தாங்காது. வெளியே வந்த அறை பெட்டியையே கவிழ்த்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பழுது பார்க்கிறவர் தவறான பாகத்தை வாங்கி வருவார்.

என் பரிந்துரை: லாட்ச் = விசைத்தாழ். ஸ்பிரிங்குக்கு 'விசை' என்ற வழக்கு தமிழில் ஏற்கெனவே உண்டு. 'தாழ்' பழைய சொல், எல்லாருக்கும் புரியும். 'தானியங்கித் தாழ்' என்று ஒருவர் சொன்னது பொருளில் சரிதான், ஆனால் பட்டறையில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். 'கொக்கி' வேண்டாம். சேலத்தில் கொக்கி என்றால் கொலுசில் மாட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். அதைக் கையால் மாட்டிக் கையால் கழற்றுகிறோம்.

மூக்குப் பாகத்துக்குப் பூட்டு வேலைக்காரர்கள் சொல்லும் 'நாக்கு' போதும். நாக்கு போய் மாட்டும் விளிம்புக்கு நாம் எதையும் உருவாக்க வேண்டியதே இல்லை. கதவுத் தாழ்ப்பாள் போய் மாட்டும் நாதாங்கி இருக்கிறது. நாவைத் தாங்குவது நாதாங்கி. இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்? கதவோடு அதை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். 'நாக்கு நாதாங்கியில் விழவில்லை' என்று சொன்னால் பழுது எங்கே என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

மின்னணுவியல் லாட்சுக்கும் இதையே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது நிலையை நினைவில் வைத்திருக்கும் மின்சுற்று, தனி இழையில் பேசுவோம்.

டிடென்டுக்கு இப்போதைக்குக் 'குழித்தடை' என்று வைக்கிறேன். முழு நிறைவு இல்லை. விட்டுக்கொடுக்கும் தன்மை அதில் வரவில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். விசைத்தாழ், நாக்கு, நாதாங்கி மூன்றையும் பட்டியலில் ஒரே பதிவாகச் சேர்க்குமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிரித்துப் போட்டால் நாதாங்கி மறுபடியும் கதவுப் பிரிவுக்கே போய்விடும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து