பராமரிப்பு இல்லப் பணியாளர்கள் வழுக்கி விழுவதைத் தடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணிப் பொறுப்பாளராக இருக்கிறேன். குளியலறை வாசலில் எங்கள் பணியாளர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள். அண்மையில், சாய்ந்த பாட்டியைத் தாங்கப் போன பெண் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பார்த்து நடங்கள்” என்கிறது நிர்வாகம். இரண்டு கைகளாலும் ஒருவரைத் தாங்கி வருபவர் தரையை எப்படிப் பார்ப்பார்? சோப்பு நீரும், சரியாக அலசாததால் படலமாகத் தங்கிவிடும் துப்புரவுத் திரவமும்தான் காரணம் என்பது என் கணிப்பு.

இதே பணியில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: சோப்பு கலந்த ஈரத்தில் உண்மையிலேயே பிடிமானம் தரும் காலணி எது? அதை நிர்வாகமே வாங்கித் தருகிறதா? துடைத்த தரை உலரும்வரை வழியை எப்படி மறிக்கிறீர்கள்? விபத்துப் பதிவேட்டில் எந்த விவரங்களை எழுதினால் மணிக்கட்டு முறிந்த அந்தப் பணியாளருக்கு இழப்பீடு பெற உதவும்? இந்தக் கடைசிக் கேள்விதான் மிக அவசரம்.